பேரை மட்டும் மாத்திக்கோ

மேசை மேல் கிடந்த தாளை எடுத்துப் படித்த இக்னேஷியஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, பின்னால் நாற்காலி இருந்தது.

“உலக சமாதானத்துக்காகவும், ஃபாதரின் முழங்கால் வலி தீரவும், எங்கள் பிளாட் லிஃப்ட் சீக்கிரம் சரியாகவும் மன்றாடுகிறோம்” என்று தாளில் இருந்தது.

அது சர்ச்சுக்குப் போயிருக்க வேண்டிய தாள். அது இங்கே இருக்கிறதென்றால், இங்கே இருக்க வேண்டிய தாள் சர்ச்சுக்குப் போய்விட்டது. இருபது வருடம் துப்பறியும் தொடர்கதை எழுதிய மனிதருக்கு இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்தான் ஆனது. கண்டுபிடித்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கத்தான் நேரம் பிடித்தது.

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் சர்ச்சில் ஒரு வழக்கம். டிசம்பர் முப்பத்தொன்று மாலை ஆறு மணிக்கு நன்றித் திருப்பலி. ஒவ்வொரு வீட்டாரும் எழுதிக் கொடுத்த மன்றாட்டை சர்ச் இளைஞன் கெல்வின் மைக்கில் வரிவரியாகப் படிப்பான். ஒவ்வொரு வரிக்கும் மொத்தச் சபையும் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்லும்.

இக்னேஷியஸுக்குத் தனியாக இன்னொரு வழக்கம். வருடக் கடைசியில் ஒரு தாளை எடுத்து, இந்த வருடம் என்ன கிழித்தோம், அடுத்த வருடம் என்ன கிழிக்கப்போகிறோம் என்று எழுதுவார்.

இந்த வருடத்தைப் பற்றி அவருக்குக் குறையே இல்லை. ஞாயிறு பத்திரிகையில் தொடர் முடிந்ததும் பதினேழு வாசகர் கடிதங்கள் வந்தன. பங்சாரில் முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில்கூட ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அந்த லிஃப்ட் ரிப்பேர்காரன்தான் கொலைகாரன்னு கடைசி வரைக்கும் தெரியலயே சார்! ஷாக் ஆயிட்டேன்லா!”

தன் கதையில் லிஃப்ட் ரிப்பேர்காரன் எவனும் வந்ததாக இக்னேஷியஸுக்கு நினைவில்லை. இந்தக் காலத்தில் எவன் ஒழுங்காகப் படிக்கிறான் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

ஆக, ஊரே அதிர்ந்தது. அதிராத ஒரே ஆள் மனைவி மகதலேனா. இருபது வருடமாக அவர் எழுதிய எந்தக் கொலையைப் படித்தாலும் கொட்டாவிதான் விடுவாள். அதனால் புத்தாண்டுத் தாளில் முதல் வரியாகவே எழுதிவிட்டார்: “இந்த ஆண்டிலாவது மகதலேனாவை அதிர்ச்சியடையச் செய்ய வேண்டும்.”

அதற்குக் கீழே புதுக் கதையின் திட்டம், மாதவாரியாக. அங்கேதான் சிக்கல். பாத்திரங்களுக்குப் பெயர் யோசிப்பதில் அவர் மகா சோம்பேறி. சாகப்போகிறவள் யாராக இருந்தாலும் கையெழுத்துப் பிரதியில் மகதலேனாதான். கையால் எழுதியது வேண்டாம் என்று பத்திரிகையில் சொல்லிவிட்ட பிறகு, புதன்கிழமைதோறும் மகதலேனாதான் சர்ச் ஆபீஸ் கம்ப்யூட்டரில் டைப் செய்து அனுப்புகிறாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். “ஏழு பக்கத்துக்கு ஏழு மணி நேரமா? நத்தைகூட வேகமா அடிக்கும்” என்று கிண்டல் செய்தபடியே அடுத்த கையெழுத்துத் தாள்கட்டைக் கொடுப்பார். “பேரை மட்டும் மாத்திக்கோ.”

இப்போது பேர் மாறாத தாள் கவருக்குள் ஒட்டப்பட்டு சர்ச்சில் இருந்தது. மணி ஐந்து.

மகதலேனா காலையிலேயே, அவர் ஒட்டி வைத்த கவரை சர்ச்சில் கொடுத்துவிட்டு, கிள்ளானில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து நேராக சர்ச்சுக்கு வருவாள். இக்னேஷியஸ் அவளுக்குப் போன் அடித்தார். சமையலறையில் மணி அடித்தது. சார்ஜரில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறாள்.

சர்ச் ஆபீஸுக்கு அடித்தார். பெர்னிஸ் எடுத்தாள். அங்கே ஐந்து வருடமாக வேலை செய்கிறவள். கணக்குப் பார்க்காமல் யாருக்கும் உதவுகிறவள். அழுகை மட்டும் சட்டென்று வந்துவிடும்.

“பெர்னிஸ்மா, எங்க வீட்டு கவர திறக்காத. எடுத்து தனியா வெச்சிரு.”

“ஏன் அங்கிள்?”

“அதுல மகதலேனா பத்தி ஒரு விசயம் இருக்கு. வெளிய தெரியக்கூடாது. அவளுக்கே இன்னும் தெரியாது.”

பெர்னிஸ் எழுந்து ஆபீஸ் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ரகசியக் குரலில் கேட்டாள்.

“அங்கிள்… எவ்வளவு நாள் இருக்கு?”

கதை எத்தனை வாரம் ஓடும் என்று கேட்கிறாள் என நினைத்துக்கொண்டார் இக்னேஷியஸ்.

“மார்ச்சுக்குள்ள முடிஞ்சிரும்.”

“ஐயோ, மார்ச்சா!”

“அதுக்கு மேல இழுத்தா நல்லா இருக்காதும்மா. எனக்கும் அலுத்துப்போச்சு.”

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. கவரெல்லாம் கெல்வினிடம் போய்விட்டது என்று எப்படியோ சொல்லி முடித்துவிட்டுப் பெர்னிஸ் போனை வைத்தாள். என் கதைக்கு இப்படி உருகுகிறாளே என்று இக்னேஷியஸுக்கு அந்தப் பதற்றத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பெருமை பத்து நிமிடம் நீடித்தது. பிறகு சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் பெர்னிஸின் செய்தி வந்தது. “மகதலேனா ஆன்டிக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க. டாக்டர் மார்ச் வரைக்கும்தான் சொல்லிருக்காங்க. ஆன்டிக்குத் தெரியாது. ப்ளீஸ், யாரும் மூச்சு விடாதீங்க.” அதற்குக் கீழே நூற்றுப்பத்து கைகூப்புகள்.

இக்னேஷியஸ் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. மேல் மாடி புஷ்பவல்லி, கையில் மூடி போட்ட ஏனத்தோடு நின்றாள். சர்ச் குரூப்பிலிருந்து செய்தி பிளாட் குரூப்புக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

“அண்ணே, அக்கா வந்ததும் இத சூடா குடுங்க. இன்னிக்கு எங்க வீட்டுல வெச்ச நாட்டுக்கோழி சூப்பு. மார்ச்சு வரைக்கும் தினம் நான் செஞ்சு தரேன்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அலாமா! புஷ்பா, அவளுக்கு ஒரு சீக்கும் இல்ல. கல்லு மாதிரி இருக்கா!”

“அப்ப மார்ச்சுல?”

“மார்ச்சுல நான்தான் விஷம் வெக்கப்போறேன்…”

முக்கியமான சொல்லைக் கடைசிவரை மறைத்து வைப்பது துப்பறியும் எழுத்தாளர்களின் பழக்கம். அவர் “கதையில!” என்று முடித்தபோது எதிரே யாரும் இல்லை. லிஃப்ட் வேலை செய்யாததால் புஷ்பவல்லி படியேறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சூப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நிமிடத்தில் பிளாட் குரூப்பில் கேள்வி வந்தது: “போலீஸ்ல சொல்லலாமா?”

இக்னேஷியஸுக்கு மகதலேனாவின் நினைப்பு வந்தது. முப்பது வருடம் உடன் வாழ்ந்தவள். அவள் காதில், ஊர் முன்னால், மைக்கில், உன் புருசன் உனக்கு விஷம் தேடுகிறான் என்று விழுந்தால் என்ன ஆவாள்? பிறகு எந்தக் கையால் அவளுக்கு ஒரு டீ கலந்து கொடுப்பது? சட்டையை மாட்டிக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கி ஓடினார்.

வழியில் பேப்பர் கடைக்காரர் கையை ஆட்டினார். “சார், உங்க பழைய தொடர மறுபடி போட்டிருக்காங்க, பாருங்க!”

“படிக்கக் கூடாது பாஸ், டாக்டர் ஆர்டர்!” என்று ஓடியபடியே சொன்னார். உண்மைதான். அச்சுப்பிழையைப் பார்த்தால் அவருக்கு பிரஷர் எகிறும். அச்சில் வந்த தன் கதையை அவர் தொட்டு வருடக்கணக்காகிறது.

சர்ச் வாசலில் கெல்வின் நின்றிருந்தான். இக்னேஷியஸைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

“அங்கிள், ஸ்டிராங்கா இருங்க.”

“கெல்வின், எங்க வீட்டு கவர மட்டும் திருப்பிக் குடுத்துடுப்பா.”

“எல்லாம் பீடத்துல வெச்சாச்சு அங்கிள். தொட்டா ஃபாதர் சத்தம் போடுவாரு.”

“அப்ப அத விட்டுட்டு மத்தத படி.”

“விடுறதா? நல்லா சொன்னீங்க! ஆன்டிக்காக மொதல்ல உங்க கவரத்தான் படிக்கணும்னு ஃபாதரே சொல்லிட்டாரு.”

இக்னேஷியஸ் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“கெல்வின், நான் சொல்றத கேளு. அதுல எழுதியிருக்கிறது…”

“எதுவா இருந்தாலும் ஆண்டவர் கேப்பாரு அங்கிள்” என்று தோளைத் தட்டிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான்.

படிக்கும்போதாவது புரிந்துகொண்டு நிறுத்துவான் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. கெல்வின் மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டி, பிசகில்லாமல், கணீரென்று படிப்பான். படித்தது என்னவென்று அவனுக்கே வீட்டுக்குப் போய் யோசித்தால்தான் புரியும்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மகதலேனா வந்தாள், கையில் கிள்ளான் முறுக்குப் பொட்டலத்தோடு. அவளைப் பார்த்ததும் கூட்டம் எழுந்து வழிவிட்டது. இரண்டு பேர் கையைப் பிடித்து நடத்தி வந்தார்கள். ஒரு கிழவி நெற்றியில் சிலுவை போட்டாள். சர்ச் பக்கமே வராத புஷ்பவல்லி எங்கிருந்தோ வந்து, இக்னேஷியஸுக்கும் மகதலேனாவுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து அவரை முறைத்தாள்.

“என்னங்க, எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க?” என்று மகதலேனா எட்டிக் கேட்டாள்.

“மகதலேனா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்த கவர்ல…”

பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஃபாதர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பீடம் ஏறினார். வாசகங்கள் முடிந்தன, பிரசங்கம் முடிந்தது. இக்னேஷியஸின் காதில் ஒன்றும் ஏறவில்லை. கெல்வின் மைக் முன்னால் வந்து கவரைக் கிழித்தான்.

“இந்த ஆண்டிலாவது… மகதலேனாவை… அதிர்ச்சியடையச் செய்ய வேண்டும்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!” சர்ச்சே அதிர்ந்தது. அத்தனை பேரும் அவளுக்காக உருகிப் பதில் சொன்னார்கள்.

“ஜனவரி முடிவதற்குள்… மகதலேனாவின்… முழு நம்பிக்கையைப் பெற வேண்டும்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!”

“பிப்ரவரியில்… நல்ல விஷமாகத் தேட வேண்டும். நிறமோ… மணமோ… இருக்கக் கூடாது.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டை…” முன்வரிசை வழக்கம்போலப் பாய்ந்து பாதியில் நின்றது. நடுவரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மார்ச்சில்… மகதலேனாவின் உடலை… கிள்ளான் ஆற்றில் போட வேண்டும்.”

யாரும் வாய் திறக்கவில்லை. காது கேட்காத ஒரு தாத்தா மட்டும் பின்வரிசையிலிருந்து தனியாக, முழு பக்தியோடு, “கேட்டருளும்!” என்றார்.

“நான் அப்பவே சொன்னேன்!” என்று புஷ்பவல்லி கத்தினாள்.

இக்னேஷியஸ் எழுந்து நடுவில் ஓடினார். “நிறுத்து கெல்வின்! அது கதை! அடுத்த வருசம் நான் எழுதப்போற கதை!”

ஃபாதர் இறங்கி வந்தார். “இக்னேஷியஸ், மார்ச்னு டாக்டர் சொன்னதா பெர்னிஸ் சொன்னாளே?”

“டாக்டரே கிடையாது ஃபாதர்! மார்ச்ல கதை முடியும்னு நான் சொன்னேன். செத்துப்போறது கதைல வர்ற மகதலேனா. இவ இல்ல!”

இருநூறு பேர் மகதலேனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழப்போகிறாளா, மயங்கப்போகிறாளா என்று இக்னேஷியஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முறுக்குப் பொட்டலத்தை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

“இதுலயும் புருசன்தான் கொலைகாரனா?” என்றாள்.

“ஆமா.”

“ம்.” ஒரு சின்னக் கொட்டாவி விட்டாள்.

இக்னேஷியஸுக்குப் போன உயிர் வந்தது. கோபமும் கூடவே வந்தது. இந்த இடத்தில்கூடவா கொட்டாவி? ஆனாலும் அவள் தன்னைச் சந்தேகப்படவில்லை, அது போதும். மைக்கைக் கெல்வினிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

“சகோதர சகோதரிகளே, இதுல யாரும் பயப்பட ஒண்ணுமில்ல. எழுதுறது எல்லாம் நான். மகதலேனாங்கிறது சும்மா வெச்ச பேரு. டைப் பண்ணும்போது என் மனைவி எப்பவும் பேரை மட்டும் மாத்திடுவா!”

பாடகர் வரிசையிலிருந்து களுக்கென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுது வீங்கிய கண்ணோடு பெர்னிஸ்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். மகதலேனா சடாரென்று அவள் பக்கம் திரும்பினாள். முறுக்குப் பொட்டலம் கீழே விழுந்தது. கண்கள் விரிந்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக மனைவியின் முகத்தில் அதிர்ச்சியைப் பார்த்தார் இக்னேஷியஸ். புத்தாண்டுத் தாளின் முதல் வரி ஒரு நாள் முன்னதாகவே நிறைவேறிவிட்டது என்று அவர் பூரித்துப்போனார்.

பெர்னிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“பேரை மட்டுமா? என்ன அங்கிள், அஞ்சு வருசமா கொலைகாரனையே ஆன்டிதானே மாத்துறாங்க!”