உஷ் டாக்டரும் எங்கள் டைகரின் நெஞ்சும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் 'செங்கல்பட்டு, செங்கல்பட்டு' என்று தொண்டை கிழியக் கத்தும் கண்டக்டரையே வாயடைக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் ஊர் நாய் டாக்டர்தான். போர்டில் அவர் பெயர் இருந்தது, யாரும் படித்ததில்லை. உஷ் டாக்டர் என்று கேட்டால் பால்காரர்கூட வழி சொல்வார்.

நாயின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டால் கிளினிக்கில் ஃபேன் நிற்கும். செல்போன்களெல்லாம் மூடி போட்ட வாளிக்குள் போகும். சுவர்க் கடிகாரம் வெளியேற்றப்படும். எதிர் டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றக்கூடாது. ஒருமுறை எனக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. "தும்மணும்னா ஏரிக்கரையாண்ட போய் தும்மிட்டு வாய்யா" என்றார். போனேன்.

ஒரு நாள் காலை நடையில், ஏரிக்கரை ஏறும்போது எங்கள் டைகர் பொத்தென்று விழுந்து எழுந்தான். மறுநாளும் அப்படியே. வெயில்தான் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்தவன். தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நெஞ்சைக் கேட்ட டாக்டர் முகத்தைச் சுளித்தார். ஒரு கையால் டைகரை அமுக்கிக்கொண்டு, என் விரலைப் பிடித்து அவன் பின்னந்தொடையின் உட்புறத்தில் வைத்தார்.

"இங்க நாடி அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் தலைய ஆட்டு. வாயத் தொறக்காத. நெஞ்சுக்கு நான் ஆட்றேன்."

எதிரெதிரே நின்று இருவரும் ஆட்டினோம். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் உள்ளே போனார். டாக்டர் ஐந்து முறை ஆட்டினால் நான் மூன்று முறைதான் ஆட்டினேன்.

"இன்னாய்யா, தூங்கினுகீறியா? நெல்லு மண்டில மூட்ட எண்றவன்தானே நீ?"

"வர்றதுக்குத்தான் சார் ஆட்றேன்!"

"ஒயுங்கா ஆட்டு!"

மறுபடியும் அவருக்கு எட்டு, எனக்கு ஐந்து. எரிச்சலோடு டைகரை என்னிடம் தள்ளிவிட்டுத் நெஞ்சைக் கேட்டபடியே தானே தொடையையும் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உன் மேல தப்பில்லப்பா" என்றார் மெதுவாக. "நாய் நெஞ்சு கொஞ்சம் ஏறி எறங்கித்தான் அடிக்கும், அது சகஜம். இது தாறுமாறா அடிச்சிக்கினுகீது. பல அடி காலுக்கே வந்து சேரல. மெட்ராசுக்கு இட்டுக்கினு போய் ஈசிஜி எடு. இன்னிக்கே."

அன்றைக்கே போய் எடுத்தோம். அவர் சொன்னபடியே இருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் வாளி, கடிகாரம், டீக்கடை. இந்த முறை இரண்டு தலைகளும் ஏறக்குறைய சேர்ந்தே ஆடின. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் மட்டும் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே இல்லை. ஆட்டுவதையும் நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக் குனிந்தபடியே நின்றார்.

"இன்னா சார், ஏதாச்சும் கோளாறா?"

"உஷ்... நல்லாகீது. அதான் கேட்டுக்கினுகீறேன்."

அந்த நேரம் பார்த்து எனக்கு மறுபடியும் தும்மல் வந்தது. அவர் சொல்லாமலே ஏரிக்கரைக்குப் போனேன்.