ராஜாவின் படைக்கு நான் கட்டிக் கொடுத்த குடிசைகள்

நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்தது ஆயுளில் இரண்டே தடவை. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தது. முதல் தடவை திறந்திருக்கவே கூடாது.

எட்டு வருடத்துக்கு முன்னால், வருசநாட்டுப் பக்கம் எங்கள் மலையடிவாரத்துக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள். ராஜா காலத்துக் கதை. புதிதாகப் படை திரட்டிய ராஜா பனிக்காலத்தில் மலையடியில் மாட்டிக்கொள்கிறார். வீரர்கள் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்க, குறைந்த செலவில் குடிசை கட்ட வேண்டும். செட் போட வந்த மெட்ராஸ் தம்பிக்கு அதுதான் முதல் படம். கூரை வேயத் தெரிந்த பெண்கள் என்று எங்கள் தெருவில் பத்துப் பேரைக் கூட்டிப் போனார். என் மதினி பேச்சியம்மா முன்னால் போக, அவள் முதுகுக்குப் பின்னால் நான் போனேன். (எங்கே போனாலும் அப்படித்தான். ரேஷன் கடைக்காரருக்கு என் கொண்டைதான் தெரியும், முகம் தெரியாது.)

"ராஜாகிட்டயும் காசில்லம்மா, எங்க கம்பெனிகிட்டயும் இல்ல. எதுல கட்டினா செலவு கம்மி?" என்று தம்பி கேட்டார்.

என் வாய் தானாகத் திறந்தது. "சோளத்தட்டையில கட்டலாம் தம்பி. இப்பத்தேன் அறுத்துப் போட்டிருக்காக. குளிரும் தாங்கும்."

மதினி திரும்பிப் பார்த்தாள். "ஏத்தா, நீயா பேசுன?"

தம்பி நேரே டைரக்டரிடம் போய், "என் பொறுப்பு சார்" என்று சொல்லிவிட்டார்.

நாலே நாளில் முப்பது குடிசை எழும்பியது. மூங்கில் சட்டம், தட்டைச் சுவர், தட்டைக் கூரை. படையே எனக்குச் சொந்தம் போல நடுவில் நடந்து பார்த்தேன். (அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.)

போகி அன்று காலையில்தான் எனக்கு நெஞ்சில் இடி விழுந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்கு மலைமாடு மேய்க்கிற வேலை. இருநூறு மாட்டோடு மாதக்கணக்கில் மலையில் கிடப்பார். மாட்டுப்பொங்கலுக்கு மாடுகள் ஊரில் இருக்க வேண்டும், அதனால் போகி மத்தியானம் இறக்கிவிடுவார். இறங்குகிற தடம், மாடு விரும்பித் தின்கிற தட்டையில் கட்டிய என் குடிசைகளுக்கு நட்டநடுவில்.

தம்பியிடம் ஓடினேன். "என்னம்மா?" என்றார். சுற்றிலும் ஆட்கள். "தண்ணி வேணுமா தம்பி?" என்றேன். மறுபடி போனேன், மறுபடியும் தண்ணீர். மூன்றாம் தடவை அவரே, "போதும்மா, வயிறு ரொம்பிருச்சு" என்றார்.

மதினியைச் சொல்லச் சொன்னேன். "அன்னைக்கு நல்லாத்தான பேசுன, இப்ப வாயி எங்கன போச்சு?" என்றாள்.

அதற்குள் மணிச்சத்தம் கேட்டது.

முதல் மாடு கூரையை முகர்ந்து பார்த்தது. இரண்டாவது மாடு முகரவில்லை. ஈட்டி பிடித்த வீரர்கள் அத்தனை பேரும் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர் கம்பை வீசிக்கொண்டே ஓடி வந்தார். "ஏலே, எந்தக் கூறுகெட்டவன்டா தடத்துல தட்டைய அடுக்குனது?"

"ஒங்க பொண்டாட்டிதேன்ண்ணே" என்றாள் மதினி.

மாடுகளை ஓட்டி முடித்தபோது மூங்கில் மட்டும் எலும்பாக நின்றது. டைரக்டர் தம்பியைப் பார்த்து, "இன்னைக்கே பஸ் ஏறிடு" என்றார். தம்பி பையை எடுக்கத் திரும்பினார்.

என் வாய் இரண்டாவது தடவையாகத் திறந்தது. "ஐயா, தம்பிய விட்ருங்க. தட்டைன்னு சொன்னதும் நாந்தேன், மாடு வரும்னு சொல்லாததும் நாந்தேன், மாட்டுக்காரர் பொண்டாட்டியும் நாந்தேன்."

டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் ஏதாச்சும் வருமாம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா. ஆடு மட்டும் நாலு நாள் கழிச்சு வரும்."

மறுநாள் பொங்கலன்று எங்கள் தெருவே அங்கே உட்கார்ந்து குடிசைகளுக்குத் தென்னங்கீற்று முடைந்தது. தம்பியின் வேலை தப்பியது. இப்போதும் ஒவ்வொரு போகிக்கும் போன் போட்டு, "அம்மா, மாடு எறங்கிருச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன வருடம் மகன் வீடு கட்டினான். பால் காய்ச்சுகிற அன்று வழக்கப்படி பசுவை உள்ளே கூட்டி வந்தார்கள். வந்திருந்த சனம் பூராவும் பசுவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது.

"பயப்படாத புள்ள, இது செங்கல்லு" என்றார் வீட்டுக்காரர்.

பசு நின்று, சுவரை ஒரு தடவை நக்கிப் பார்த்தது.