பெரிசாய் ஒன்றுமில்லாத பதினாலாம் இலக்கம்

டூங்கபி,
புதன்கிழமை மதியம்.

பேரன்பிற்குரிய அருந்தவன் அத்தானுக்கு,

மைத்துனன் சச்சிதானந்தன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் யோகா அக்காவும் மெல்பேர்ணில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் சந்திரகலாவும் மகள் நிரஞ்சினியும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். அதை அப்படியே நம்பவேண்டாம். இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான், ஆனால் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டுவா, நான் சொல்லி முடிக்கமுதல் கனடாவிலிருந்து யாராவது எனக்கு ஆறுதல் சொல்ல எடுப்பார்கள். அதனால்தான் எக்ஸ்பிரஸ் தபாலில் உங்கள் பெயருக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து கராஜுக்குள் போய் நின்று வாசியுங்கள்.

விஷயம் நிரஞ்சினியைப் பற்றியது. இங்குள்ள கூடைப்பந்துக் கழகம் அடுத்த பருவத்துக்கு அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம், அவள் புள்ளி எடுப்பது குறைவாம். அத்தான், நீங்கள் ரீவியில் பார்த்திருப்பீர்கள், பந்து போகிற பக்கம்தான் கமெராவும் போகும். எங்கள் பிள்ளை பந்து இல்லாத பக்கத்தில் வேலை செய்கிறவள். கூட்டாளி ஒருத்தி பந்தோடு ஓடிவந்தால், அவளைத் துரத்துகிறவளின் பாதையில் இவள் போய் அசையாமல் நிற்பாள், துரத்துகிறவள் இவளில் வந்து மோதுவாள், அந்த இடைவெளியில் கூட்டாளி கூடையைப் போட்டுவிடுவாள். கைதட்டல் அவளுக்கு, கண்டல் காயம் இவளுக்கு. இதற்குப் புள்ளி கிடையாது. போதாக்குறைக்கு முதுகில் என் பெயர். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர்தானே பிள்ளைக்குக் குடும்பப் பெயர். அது ஆங்கில எழுத்தில் ஒரு கக்கத்தில் தொடங்கி மறு கக்கத்தில் முடிகிறது. அவள் கைக்குப் பந்து வந்தால் வர்ணனையாளர் ஒரு மூச்சு எடுப்பார், ‘சச்...’ என்று தொடங்குவார், பிறகு ‘நம்பர் ஃபோர்ட்டீன்’ என்று சொல்லித் தப்பிவிடுவார். என் பிள்ளை பெயரில்லாமல் போனது என் பெயரால்தான் என்பதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

வரும் வெள்ளிக்கிழமை பின்னேரத்தோடு எல்லாக் கழகங்களும் ஆள் எடுத்து முடித்துவிடும். “வெள்ளி வரைக்கும் பாப்பம் அப்பா. ஒரு கோலும் வராட்டி ஐ’ம் டன்,” என்று சொல்லிவிட்டாள். அதாவது விளையாட்டை அடியோடு விட்டுவிட்டு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி வேலையை முழுநேரம் ஆக்கப்போகிறாளாம். சொன்னவள் அழவில்லை. சப்பாத்துகளைத் துடைத்துப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தாள். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

இனித்தான் நான் செய்த வேலையைக் கேளுங்கள். பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு நான் தனியாகப் போனேன். பக்கத்துக் கதிரையில் நீலத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், சிப்ஸை என் பக்கம் நீட்டினார். சிறிது நேரத்தில், அந்தப் பதினாலாம் இலக்கம் எப்படி என்று கேட்டார். என் மகள் என்றேன். அப்படியா, நல்ல கெட்டிக்காரி போலிருக்கிறதே என்றார். ஒரு மனிதர் என் பிள்ளையைப் பார்த்து, கண்ணை எடுக்காமல், கெட்டிக்காரி என்கிறார். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள், அத்தான்? நாவூறு படுமே, கண்பட்டால் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமே. நான் உடனே, “சீச்சீ, பெரிசாய் ஒன்றுமில்லை,” என்றேன், ஆங்கிலத்தில்தான். அவர் விடவில்லை, ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்றார். கேட்ட மரியாதைக்காக விளக்கமும் கொடுத்தேன். கூடைக்கு எறியவே மாட்டாள், பந்து வந்தால் யாருக்காவது கொடுத்துவிடுவாள், மற்றவர்கள் ஓடுகிற பாதையில் குறுக்கே குறுக்கே போய் நிற்பாள், பந்து வெளியே உருண்டால் தானும் கூடவே விழுந்து உருளுவாள், ஆட்டம் முடியும்வரை கூட்டாளிகளை அங்கே போ இங்கே போ என்று அதட்டிக்கொண்டே இருப்பாள் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்தத் தலையாட்டலில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இடது முழங்காலில் ஒரு தடவை சவ்வு அறுந்தது, வலது முழங்காலுக்கும் நான் பொறுப்பு நிற்கமுடியாது என்று முடித்தேன். அவர் என் கையைக் குலுக்கி ஒரு அட்டையைத் தந்துவிட்டு எழும்பிப் போனார். இந்தப் பக்கத்தில் அட்டை தருகிறவர்கள் எல்லாரும் வீடு விற்கிற ஏஜென்டுகள் என்பதால் அதைப் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டேன்.

நீங்கள் என்னைப் பேயன் என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த முழங்காலின் கதை உங்களுக்குத் தெரியும். உங்கள் மகளின் கலியாண வீட்டில் யோகா அக்கா எல்லாருக்கும் முன்னால், “என்ன உயரம், என்ன உடம்பு, குதிரை மாதிரி நிக்கிறாள்,” என்று இவளுடைய தோளில் தட்டினா. அடுத்த ஆட்டத்திலேயே சவ்வு அறுந்தது. நான் அக்காவைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பருவம் முழுக்க அவள் சுவரைப் பிடித்து நடந்ததைப் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு யார் அவளைப் பற்றிக் கேட்டாலும் என் வாய் தன்பாட்டில் ‘பெரிசாய் ஒன்றுமில்லை’ என்று சொல்லப் பழகிவிட்டது.

நேற்றுக் காலை, அந்த ஆட்டத்துக்குப் போட்ட சட்டையைத் தோய்க்கப் போட்டபோது சந்திரகலா அந்த அட்டையை எடுத்து வாசித்தாள். உங்கள் ஊர்க் கழகம், அத்தான். ஆள் தெரிவுக்குப் பொறுப்பானவர். நான் குசினி வாசலில் நின்றபடி அவருக்குச் சொன்னதெல்லாவற்றையும் அவளிடம் ஒப்புவித்தேன். சந்திரகலா, “நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ, முதல் நாவூறு கழிப்பம்,” என்று நிரஞ்சினியின் படத்தைச் சுற்றிச் செத்தல் மிளகாயையும் உப்பையும் அடுப்பில் போட்டாள். புகை எழும்பியதும் அலாரம் அடித்தது. எங்கள் வீட்டு அலாரம் மட்டுமென்றால் துவாயால் விசுக்கி நிற்பாட்டியிருப்பேன், ஆனால் அது மாடிக்கட்டடம் முழுவதுக்கும் தொடுக்கப்பட்டது. சனம் எல்லாம் கார் தரிப்பிடத்தில் நின்று இருமியது, தீயணைப்பு வண்டியும் வந்தது. மேல்மாடி மகாதேவன் சார், கோயம்புத்தூர்க்காரர், மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, முழுவதையும் சொன்னேன். “அட, இதுக்கா சார் கவலைப்படறீங்க? ஒரு போன் போடுங்க, பொண்ணைப் பத்தி நல்லா தூக்கி வச்சு நாலு வார்த்தை சொல்லுங்க. இங்க எல்லா அப்பாவும் அதைத்தான் பண்றாங்க,” என்றார்.

போட்டேன். அவர் எடுக்கவில்லை, குரலைப் பதியச் சொன்னது. முன்னால் தீயணைப்புக்காரர், பின்னால் அலாரம். நான் சொன்னதெல்லாம் பொய், என் மகள் மிகத் திறமானவள் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். கடைசியாக அந்த முழங்கால் விஷயத்தையும் சரிப்படுத்துவோம் என்று ‘ஷீ ஹாஸ் நோ நீ...’ என்று தொடங்கினேன், ‘ப்ராப்ளம்’ என்ற சொல் வாயிலிருந்து வருமுன் பீப் என்று வெட்டிவிட்டது. இப்போது அந்தக் கழகத்தில் பதிவாகியிருப்பது இதுதான்: தகப்பன் ஒரு பொய்யன், மகளுக்கு முழங்காலே இல்லை.

நிரஞ்சினிக்கு இதொன்றும் தெரியாது. இரவுச் சாப்பாட்டில் போனைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். போன் ஒருமுறை அதிர்ந்தது, மூன்று பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தோம், பீட்சாக் கடையின் விளம்பரம். அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அப்பா, டூ யூ திங்க் ஐ’ம் எனி குட்?” என்று கேட்டாள். அத்தான், அவள் எந்த ஆட்டத்தில் யாருக்குப் பாதை திறந்துவிட்டாள், அடிபட்டு விழுந்தவள் எந்தக் கையை ஊன்றி எழும்பினாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மைதானத்தில் நான் பந்தையே பார்ப்பதில்லை. அதையெல்லாம் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மறுபடியும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. “ரசம் விடட்டே?” என்று கேட்டேன். “இட்ஸ் ஓகே,” என்று எழும்பிப் போய்விட்டாள். எனக்கு என்னை நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே என் பணிவான வேண்டுகோள். வெள்ளிக்கிழமை விடிந்தவுடன் நீங்கள் கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு அந்தக் கழகத்துக்குப் போகவேண்டும். கணக்காய்வாளராக இருந்தவர், உங்கள் ஆங்கிலத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. நாவூறு என்றால் என்ன, எங்கள் ஆட்கள் பிள்ளை நன்றாக இருந்தால்தான் சரியில்லை என்று சொல்லுவார்கள், அதைத் தலைகீழாக்கி வாசிக்கவேண்டும் என்று அந்த மனிதருக்கு விளங்கப்படுத்துங்கள். இரண்டு முழங்காலும் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். இனிமேல் நானும் மாறிவிடுவேன். யார் கேட்டாலும் என் மகளைப் போல ஒருத்தி இல்லை என்று வாய்திறந்து சொல்லுவேன், இது சத்தியம்.

பிள்ளையாரின் அருளால் உங்கள் இருவருக்கும் நோய்நொடி அண்டாதிருக்க வேண்டுகிறேன். சந்திரகலாவும் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
சச்சிதானந்தன்.

பி.கு.: ஒட்டிய உறையைத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். உறையை ஒட்டிவிட்டுத் தபால் கந்தோருக்கு வெளிக்கிட, நிரஞ்சினி வேலையிலிருந்து பாதியில் ஓடிவந்தாள். அந்த மனிதர் அவளுக்கே போன் எடுத்திருக்கிறார். குறுக்கே போய் நிற்கிறவள், விழுந்து உருளுகிறவள், எறியாமல் கொடுக்கிறவள், எல்லாரையும் அதட்டுகிறவள், இப்படி ஒருத்தியைத்தான் அவர்கள் இரண்டு பருவமாகத் தேடினார்களாம். நான் சொன்னதை வைத்துத்தான் பழைய ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம். போனில் நான் புகழ்ந்ததை மட்டும் அலுவலகத்தில் ஒருவரும் நம்பவில்லையாம், ஆனால் எல்லாரும் கூடி நின்று கேட்டார்களாம். ஒப்பந்தம் இரண்டு பருவத்துக்கு. நிரஞ்சினி வாசலில் நின்று என்னைப் பார்த்து, “அப்பா, யூ ஆக்சுவலி வாட்ச் மீ,” என்றாள். நான், “சாப்பிட்டனியே?” என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஆகவே கழகத்துக்குப் போகவேண்டாம், கோட்டை உள்ளே வையுங்கோ. அவளுக்கு உங்கள் பின் அறையைக் கொடுத்தால் போதும். அக்காவுக்கு இப்போதைக்கு ஒன்றும் தெரியவேண்டாம், ஏதோ கோர்ஸ் படிக்க வாறாள் என்று சொல்லுங்கோ. அக்கா அவளுடைய தோளில் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கோ. நீங்கள் மட்டும் ஒருநாள் மைதானத்துக்குப் போங்கோ, போனால் பந்தைப் பார்க்காமல் அவளைப் பாருங்கோ. யாராவது பக்கத்தில் இருந்து கேட்டால், மச்சானின்ர மகள், பெரிசாய் ஒண்டுமில்லை என்று சொல்லிவிடுங்கோ.