ஐந்து மணிக் கப்பல்

“மூணு மணிக்கு விமானம் இறங்குது. அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்புது. நடுவுல முழுசா ரெண்டு மணி நேரம் சும்மா கிடக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?” என்று கேட்டார் டைம்டேபிள்.

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “பெட்டி வர ஒரு மணி நேரம். பாஸ்போர்ட் பாக்குற வரிசையில ஒரு மணி நேரம். அப்புறம் கப்பலுக்கு நீந்தியா போறது?”

சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு உண்டுதான்; ஆனால் நகரப் பேருந்து டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று இருபத்தெட்டு வருஷமாக அட்டவணை போட்டதில், ஊருக்கெல்லாம் அவர் டைம்டேபிள் ஆகிவிட்டார். வண்டிகளை நேரத்துக்கு அனுப்புகிற மனுஷன், கட்டிய மனைவியை மட்டும் ஒரு இடத்துக்கும் நேரத்துக்குக் கூட்டிப்போனதில்லை. மைத்துனன் கல்யாணத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது போட்டோக்காரர் விளக்கைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி பிரசவ வார்டு நர்ஸ். முப்பத்திரண்டு வருஷம் ஊரார் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள், போன மாதம்தான் ஓய்வு பெற்றாள். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டு பேருக்கு எட்டு நாள் கப்பல் பயணம் பரிசாகக் கொடுத்தார்கள். “கப்பல் எங்க பொறுப்பு, விமானம் உங்க பொறுப்பு” என்று சொல்லிக் கை தட்டினார்கள். அன்றைக்கு அவள் அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுது அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விமானம் என்ற சொல் காதில் விழுந்ததுமே டைம்டேபிள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். தாளின் தலையில் பெரிய எழுத்தில் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஒரு வெளிநாட்டு நகரம். கீழே தேதி ஐந்து, நேரம் மாலை ஐந்து. டிப்போவில் டிரிப் ஷீட்டை அவர் அப்படித்தான் வாசிப்பார்; மேலே ஊர், கீழே நேரம், மற்றதெல்லாம் டிரைவர் கவலை. பத்திரமாக இருக்கட்டும் என்று டிக்கெட்டை ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்,” என்றாள் மனைவி, கடைசித் துண்டை மடித்தபடி. “இந்தக் கப்பலையும் கோட்டை விட்டீங்கன்னா, இனிமே பக்கத்துத் தெருவுக்குக்கூட உங்களோட வரமாட்டேன்.”

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை. டைம்டேபிள் அன்றைக்கே டிக்கெட் ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

“நாலாம் தேதி நேர் விமானம் இருக்கா?”

“இல்லை சார். நாலாம் தேதின்னா நடுவுல ஒரு தீவுல இறங்கி மாறணும். ஒன்பது மணி நேரம் காத்திருக்கணும்.”

“ஒன்பது மணி நேரமா? பேஷா இருக்கலாம். போடுங்க.”

விஷயம் மைத்துனன் காதுக்குப் போனது. அவன் வாழ்நாளில் மூன்று தடவை விமானம் ஏறியவன். அந்த மூன்றை வைத்துக்கொண்டு முந்நூறு பேருக்கு யோசனை சொல்லியிருக்கிறான்.

“என்ன அத்தான் நீங்க? ஒன்பது மணி நேரம்கிறது ரெண்டுங்கெட்டான். வெளியிலயும் போக முடியாது, உள்ளயும் உக்கார முடியாது. இருபத்தாறு மணி நேரமா மாத்துங்க. ஓட்டல்ல ரூம் போட்டு, குளிச்சு, ஊரைச் சுத்திப் பாத்துட்டு ஃப்ரெஷ்ஷா ஏறலாம். ஒரே செலவுல ரெண்டு ஊர்!”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மூன்றாம் தேதியே கிளம்புவதாக மாற்றினார். தீவின் படத்தை மனைவியிடம் காட்டினார். நீலக் கடல், வெள்ளை வீடுகள், ஒரு கழுதை. அவளுக்குக்கூடக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இரண்டு நாள் கழித்து ஏஜெண்ட் கூப்பிட்டான். “சார், தீவுக்கு விசா வாங்கிட்டீங்கல்ல?”

“தீவுக்கு எதுக்கு விசா? நாங்க சும்மா வழியில இறங்கறோம்.”

“விமான நிலையத்துக்குள்ளயே இருந்தா வேண்டாம். வாசலைத் தாண்டினா வேணும். அதுக்குத் தேதி கிடைக்கிறது அடுத்த மாசம்தான்.”

டைம்டேபிள் இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தார். கடைசியில் யோசிக்காத மாதிரியே சொன்னார்.

“இருபத்தாறு மணி நேரம் நாற்காலியிலயா?” என்றாள் அவள். “பிரசவ வலியில வரவங்களையே நான் அவ்வளவு நேரம் உக்கார வெச்சதில்லை.”

“கழுதையை ஜன்னல் வழியாப் பாத்துக்கலாம்.”

“ஜன்னல் எதுக்கு?” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது அவருக்குப் புரியவே அரை நிமிஷம் ஆனது.

மறுநாள் தீவை ரத்து செய்தார். வடக்கே ஒரு பெரிய நகரத்தில் நான்கு மணி நேரம் மட்டும் நிற்கிற வழி ஒன்றைத் தானே தேடிப் பிடித்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனா வைத்து அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். கிளம்பும் நேரம், இறங்கும் நேரம், கழிப்பறைக்குப் பன்னிரண்டு நிமிஷம். இருபத்தெட்டு வருஷ உழைப்பில் இவ்வளவு அழகான அட்டவணை போட்டதில்லை என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். மாத்திரைச் சீட்டு வாசிக்கிற பழக்கம். ஒரு எழுத்து விடமாட்டாள்.

“ஏங்க, இறங்குற விமான நிலையத்துக்கு ஒரு பேர் போட்டிருக்கீங்க. ஏறுறதுக்கு வேற பேர் போட்டிருக்கீங்க.”

டைம்டேபிள் குனிந்து பார்த்தார். அந்த நகரத்துக்கு இரண்டு விமான நிலையம். ஒன்று கிழக்குக் கோடி, ஒன்று மேற்குக் கோடி. நடுவில் எழுபது கிலோமீட்டர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“உங்க டிப்போவுல பாதி வழியில பஸ்ஸை மாத்தி ஏறச் சொன்னா, ஜனங்க கல்லெடுத்து அடிக்கமாட்டாங்களா?”

“சரி செஞ்சுடறேன்.”

“நீங்க சரி செய்யச் செய்யத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

சரி செய்யத்தான் நினைத்தார். அதற்குள் டிப்போ மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

“உங்க லீவுல ஒரு சின்ன மாற்றம். அஞ்சாம் தேதிலேர்ந்து எடுத்துக்குங்க. மூணும் நாலும் முடியாது.”

“சார், போன வாரமே எழுதிக் கொடுத்தது!”

“மேலேர்ந்து ஆர்டர். அஞ்சாம் தேதி துறைமுகத்துக்கு எட்டு ஸ்பெஷல் பஸ் விடணுமாம். பெட்டி வைக்க இடம் இருக்கிற வண்டியா வேணுமாம். அட்டவணை போட உங்களை விட்டா யார் இருக்கா?”

பாராட்டா தண்டனையா என்று தெரியாமல் டைம்டேபிள் தலையாட்டிவிட்டு வந்தார். மூன்றாம் தேதியும் நாலாம் தேதியும் உட்கார்ந்து, முன்பின் தெரியாத யாரோ சொகுசாகப் போக எட்டு பஸ்ஸுக்கு நேரம் குறித்தார். ஒவ்வொரு வண்டிக்கும் அரை மணி நேரம் உபரி வைத்தார். ஊர்க்காரர்கள் யாரும் எதையும் தவறவிட்டுவிடக் கூடாது என்பதில் அவருக்கு எப்போதுமே அக்கறை.

தன் பயணத்துக்கு மிச்சமிருந்தது ஐந்தாம் தேதி காலைதான்.

“அந்த முதல் நாள் பாத்த நேர் விமானமே இருக்கட்டும்,” என்று ஏஜெண்டிடம் இறங்கி வந்தார்.

“அது அன்னிக்கே நிரம்பிடுச்சு சார். வழியில மாறுறது ஒண்ணு இருக்கு. காலையில எட்டு மணிக்குக் கிளம்பி, மூணு பத்துக்கு இறங்கும். நடுவுல ஐம்பது நிமிஷம்.”

“ஐம்பது நிமிஷத்துல மாற முடியுமா?”

“ஓடினா முடியும் சார்.”

மனைவிக்கு முழங்கால் வலி. இதை ஏஜெண்டிடம் சொல்வதில் பயனில்லை என்பதால் அவர் சொல்லவில்லை. மனைவியிடம் ஐம்பது நிமிஷத்தையும் சொல்லவில்லை.

ஐந்தாம் தேதி காலை ஆறரைக்கே விமான நிலையத்தில் நின்றார்கள். அவள் புதுச் செருப்பு போட்டிருந்தாள். தோளில் ஒரு பை. அதில் அவள் படிக்க எடுத்து வைத்த மூன்று புத்தகங்கள். டைம்டேபிள் முந்தைய நாள் டிராயரிலிருந்து எடுத்து வந்த கப்பல் டிக்கெட்டைச் சட்டைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேலே பலகையில் எழுத்துகள் மாறின. எட்டு மணி விமானம் எட்டு நாற்பதுக்கு.

டைம்டேபிள் ஐம்பதிலிருந்து நாற்பதைக் கழித்துப் பார்த்தார். இன்னொரு தடவை கழித்தாலும் பத்துதான் வந்தது.

“ஏன் வேர்க்குது உங்களுக்கு?” என்றாள் மனைவி.

இனி மறைத்துப் பயனில்லை. சொன்னார். ஐம்பது நிமிஷம், ஓட்டம், பத்து நிமிஷம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“முப்பத்திரண்டு வருஷம்,” என்றாள். “எல்லாருக்கும் நேரத்துக்குப் போய் நின்னேன். எனக்குன்னு ஒரு தடவை. ஒரே தடவை.”

அவள் பக்கத்தில் உட்காரப் பெட்டியில் இடமில்லை, டைம்டேபிள் தரையில் உட்கார்ந்தார். “என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்,” என்றார். “உன்னைத் தூக்கிட்டாவது ஓடறேன்.”

“உங்களால மாவுப் பையையே தூக்க முடியாது.”

“அடுத்தவங்க வாங்க!” என்று கவுண்ட்டரிலிருந்து குரல் வந்தது.

கவுண்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் புரட்டினாள். “அங்க போய் எங்க தங்கறீங்க? ஏதாவது ஆதாரம் இருக்கா?”

“தங்கல. இறங்கின உடனே கப்பல்ல ஏறணும்,” என்று டிக்கெட்டை நீட்டினார் டைம்டேபிள். “அஞ்சு மணிக்குக் கப்பல். உங்க விமானம் நாற்பது நிமிஷம் லேட்டு. அம்மா தாயே, நடுவுல மாறுற இடத்துல ஒரு வண்டி ஏற்பாடு பண்ணிக் கொடுங்க. இவளுக்கு முழங்கால் வலி. நான் ஓடிடுவேன். ஓடினா பிடிச்சுடலாம் இல்லையா?”

அந்தப் பெண் டிக்கெட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை நிதானமாக, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்ததில் அழுக்கான அவர் பேன்ட்டைப் பார்த்தாள். பெட்டியின் மேலிருந்து இன்னும் எழுந்திருக்காத அவர் மனைவியைப் பார்த்தாள்.

“நீங்க ஓடவே வேண்டாம் சார், இந்தக் கப்பல் இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம்ம ஊர் துறைமுகத்துலேர்ந்துதான் கிளம்புது, நீங்க பறக்கப் பாக்குற ஊருக்கு அது போய்ச் சேரவே எட்டு நாள் ஆகும்.”