ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

மூன்றாம் வகுப்பு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் வகுப்புக்குள் கழுதை கத்தியது. அச்சு அசல் கழுதை. சட்டென்று திரும்பினால், ‘வெடி’ என்று பட்டப்பெயர் வாங்கிய பயல் பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்திருந்தான்.

“நாளைக்கு உங்கப்பன் வராம நீ உள்ள வராதே!”

“அப்பா கல்லு உடைக்கப் போறாரு சார். இங்க வந்தா அன்னைக்கு வீட்டுல அடுப்பு எரியாது. ஏழாவதுல அக்கா இருக்கு, கூட்டிட்டு வரட்டுமா?”

அக்கா வந்தாள். படிய வாரிய தலை, கட்டிய கை, தரையைப் பார்த்த கண்.

“மன்னிச்சிடுங்க சார். வீட்டுலயும் இதே கூத்துதான். அம்மா அழாத நாளில்ல” என்றவள், பயலின் காதைத் திருகினாள். கழுதை அடங்கியது.

வாத்தியார் உருகிப்போனார். “ஒரே வயித்துல தங்கமும் தகரமும்! ஆனா மூக்கைப் பாருங்க, ஒரே வார்ப்பு” என்று ஆசிரியர் அறையில் டீ ஆறும்வரை பேசினார். எரியாத அடுப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் கழுதையோடு நாயும் சேர்ந்தது.

“தினமும் இந்த பீரியட்ல வந்து அவன் பக்கத்துல உட்காரும்மா.”

“எனக்குக் கணக்கு பீரியட் சார்… பரவால்ல. தம்பிதானே முக்கியம்.”

அவள் உட்கார்ந்தாள், அவன் அடங்கினான். மற்றதுகள் அடங்குமா? கடைசி பெஞ்சுக்காரன் பூனையாகி, “எனக்கும் அண்ணன் இருக்கான் சார்!” என்றான். அவனையும் வரவழைத்தார். வாரக் கடைசியில் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மீசை அரும்பியிருந்தது. அக்காமார் வீட்டு வழக்கு பேச, அண்ணன்மார் மல்லுக்கட்ட, ஒரு பெஞ்சு காலொடிந்து விழுந்தது.

தலைமையாசிரியை ஓடிவந்தார். “என்ன சார் இது, சந்தையா?”

“புது முறை மேடம்! கூடப் பிறந்ததை வச்சே திருத்துறது.”

“அப்படியா? நாளைக்குக் கல்வி அதிகாரி வர்றார், அவர்கிட்டயே காட்டுங்க. அவர் உங்களைத் தூக்கியடிச்சா நான் குறுக்க வர மாட்டேன்.”

வாத்தியார் மனசுக்குள் கணக்குப் போட்டார். சாட்சிக்கு ஆள் வேண்டுமே! பிள்ளைகளுக்குத் தெரியாமல் பியூனைக் கல்குவாரிக்கே அனுப்பினார்.

மறுநாள் அதிகாரி நாற்காலியில் அமர்ந்திருந்தார். வெடி வாயே திறக்கவில்லை. வாத்தியார்தான் வெடித்தார்: குணம், வளர்ப்பு, ரத்தம்! அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மாற்றல் போய், பாராட்டே வந்துவிடும் போலிருந்தது. அப்போது புருவம்வரை கல்தூசியோடு ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார்.

“வாங்க, வாங்க! பொண்ணு இப்படி, பையன் அப்படி. எப்படி வளர்த்தீங்கன்னு ஐயாகிட்ட நீங்களே சொல்லுங்க.”

அக்கா பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடப் போனாள்.

அந்த ஆள் தலைத்துண்டை அவிழ்த்தபடி குனிந்து அவளைப் பார்த்தார்.

“எனக்கு இவன் ஒத்தைப் பிள்ளை சார். இந்தப் பொண்ணு யாரு?”