தம்பி இல்லாத கறுப்புப் பெட்டி

எனக்குக் கொஞ்சமும் தெரியாத பொருளை வாங்கும்போதுதான் நான் ரொம்பத் திறமையாக வாங்குவேன். தெரிந்த பொருள் என்றால் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஏமாந்துவிடுவேன். தெரியாத பொருள் என்றால் மூன்று இடத்தில் விசாரித்து, கட்டம் போட்டு எழுதி, அக்குவேறு ஆணிவேறாக அலசி, முழுத் தெளிவோடு ஏமாறுவேன். இது என் தொழில் கொடுத்த புத்தி. அப்போது நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். வயது இருபத்தேழு. உலகத்தில் நமக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு மட்டும் அறுபது வயதுக்காரருக்கு இருப்பது போல இருந்தது.

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் அப்பாவின் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட், நான்கு மெஷின். மாடியில் நாங்கள். என் தம்பி பிரபு கம்ப்யூட்டர் படித்தான். படித்து முடித்ததும் நூலையும் மெஷினையும் அவன் கையில் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக உட்காரலாம் என்று அப்பா இருந்தார். அவனோ கனடாவில் வேலை கிடைத்தது என்று வந்து நின்றான். பெரிய சண்டை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவனிடம் அப்பா, "போறவன் அப்படியே போயிரு. திரும்பி இந்தப் படி ஏறாத" என்று சொல்லிவிட்டார். ஏர்போர்ட்டுக்கும் வரவில்லை.

அதன்பின் ஒன்றரை வருஷம் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரபுவின் போன் வந்தால் போதும், அப்பா "ஜெனரேட்டருக்கு டீசல் பாக்கோணும்" என்று கீழே இறங்கிவிடுவார். (திருப்பூரிலேயே அவ்வளவு டீசல் பார்க்கப்பட்ட ஜெனரேட்டர் எங்களுடையதுதான்.) அம்மா பேசுவாள். கண்ணு, சாப்புட்டியா? ம். குளிரு ஜாஸ்தியா? ம். உடம்பு எப்படி? ம். சரிம்மா, வெக்கறேன். அவ்வளவுதான். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, "நல்லாப் பேசினான்" என்பாள்.

ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். "அக்கா, ஒரு நிமிஷம் இரு" என்று போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனான். அப்போது கேட்டது. என் தம்பி சிரிக்கிறான். "டேய், லெஃப்ட்ல வா, லெஃப்ட்ல வா! ஐயோ, கவுத்துட்டியே மாப்ள!" என்று கத்துகிறான். சின்ன வயதில் கேரம் விளையாடும்போது கத்துவானே, அதே குரல். எங்களுக்கு ஒற்றை எழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சமுள்ள தமிழ் அத்தனையும் யாருக்கோ கொட்டிக்கொண்டிருந்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, போனை வைத்தபின் ஆபீஸ் பாத்ரூமில் போய் நின்று அழுதேன்.

அதற்கு முன்பே, போனுக்குத் திரும்பி வந்ததும் அவனே விஷயத்தைச் சொல்லியிருந்தான். டிவியில் மாட்டுகிற வீடியோ கேம் பெட்டியாம். அதை இன்டர்நெட்டில் சேர்த்துவிட்டால் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒன்றாக விளையாடலாம், காதில் மைக் மாட்டிக்கொண்டு விடிய விடியப் பேசலாம். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். நாங்களும் ஒரு பெட்டி வாங்குவோம். போனில் வராத பேச்சு விளையாட்டில் வரட்டும். அப்பாவையும் எப்படியாவது பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால், ஒரு ஜோரில் அவரும் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா?

அவனிடம் மூச்சு விடவில்லை. சர்ப்ரைஸ்! (இந்த வார்த்தையை அதன்பின் நான் சொன்னதே இல்லை.)

கோயம்புத்தூருக்குப் போனேன். கடையில் இரண்டு கம்பெனிப் பெட்டிகள் இருந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. நோட்டை எடுத்தேன், கட்டம் போட்டேன். எடை, ஒயர் நீளம், வாரன்டி. வெள்ளைப் பெட்டியில் ஆன்லைனில் விளையாட வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும். கறுப்பில் அது இலவசம். அங்கேயே என் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. பையரிடம் பைசா பைசாவாகப் பேரம் பேசுகிறவள் இலவசத்தை விடுவேனா? இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்குக் கேட்டேன்.

"ஏனுங்க, இதுல வெளிநாட்டுல இருக்கறவங்க கூட வெளையாட முடியுங்களா?"

"உலகத்துல யாரு கூட வேணும்னாலும் வெளையாடலாங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, என் தம்பி ஒருவனைத் தவிர. தம்பி என்ன பெட்டி வைத்திருக்கிறான் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எந்த கம்பெனி சிம்மிலிருந்தும் எந்த கம்பெனி சிம்முக்கும் பேசுகிறோமே, அதுபோலத்தானே இதுவும்?

கார் ரேஸ் விளையாட்டோடு பெட்டி வந்ததும் அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். எங்கள் வீட்டுக்குள் எந்த மெஷின் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓடாது. கீழே யூனிட் ஆபீஸில் இருந்த பிராட்பேண்டு ஒயரைப் படிக்கட்டு வழியாக மாடிக்கு இழுத்தேன். அது ஏதோ அப்டேட் கேட்டது. எங்கள் ஊர் வேகத்தில் சனிக்கிழமை முழுக்க அதைக் குடித்துக்கொண்டே இருந்தது.

தம்பியின் விளையாட்டுப் பெயர் எனக்குத் தெரியும். அவன் தன் ரூமைப் படம் எடுத்து மெயிலில் அனுப்பியிருந்தான். அதில் டிவி ஓரத்தில் 'டைகர்84' என்று இருந்தது. எண்பத்துநாலு அவன் பிறந்த வருஷம். வேறு அத்தாட்சி எதற்கு? நான் 'திருப்பூர் அக்கா' என்று பெயர் வைத்துக்கொண்டு, டைகர்84ஐத் தேடி நட்பு கேட்டு அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டான். பேரைப் பார்த்ததும் அக்காவைக் கண்டுபிடித்துவிட்டான், கெட்டிக்காரன்!

மறுநாள் ஞாயிறு காலை. கீழே மெஷின் ஓடவில்லை, வீடு அமைதியாக இருந்தது. அங்கே அவனுக்குச் சனிக்கிழமை ராத்திரி, கட்டாயம் விளையாடிக்கொண்டிருப்பான் என்று கணக்குப் போட்டிருந்தேன். போட்டபடியே டைகர்84 ஆன்லைனில் இருப்பதாகத் திரை காட்டியது. அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஆனால் டீசல் பார்க்கப் போகவில்லை. அதுவே எனக்குப் பாதி வெற்றி.

பையரிடம் பேச கம்பெனி கொடுத்த புளூடூத்தைக் காதில் மாட்டினேன். எதிர்க்குரல் அதை மாட்டியவர் காதில் மட்டும்தான் கேட்கும்.

"டேய், நாந்தான்டா அக்கா!"

கொரகொரவென்று சத்தம். மூச்சு. அப்புறம், "ஹே!"

கனடா போனதிலிருந்து அவனும் அப்படித்தான் ஆரம்பிப்பான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கருவியைப் பிடுங்கிவிட்டாள்.

"கண்ணு, சாப்புட்டியா? இளைச்சுட்டியா சாமி? பக்கத்து ஊட்டு சுமதிக்குக் கல்யாணம் ஆயிப்போச்சு. உன்ற சட்டையெல்லாம் தொவச்சு மடிச்சு வெச்சிருக்கறேன். யாரும் தொடறதில்ல..."

"என்னம்மா சொல்றான்?"

"ம்ங்கறான்."

சந்தேகத்துக்கு எங்கே இடம்? அந்த ஒற்றை எழுத்துதான் எங்கள் வீட்டுப் பிள்ளையின் முத்திரை ஆயிற்றே. அம்மா இருபது நிமிஷம் பேசினாள். பேசப் பேச முகம் பூரித்துப்போனது. "இன்னைக்குத்தான் எம்புள்ள வெக்கறேன்னு சொல்லாம பொறுமையாக் கேக்கறான்" என்றாள். நான் பெருமையில் மிதந்தேன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எங்கள் பிரபு அவ்வளவு பொறுமைசாலி இல்லை.

அப்போது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இங்க குடு" என்று கையை நீட்டினார்.

நானே அவர் காதில் மாட்டிவிட்டேன்.  தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாந்தான். அப்பா." டிவியில் இருந்த பெயரைப் பார்த்தார். "அன்னைக்கு ஏதோ கோவத்துல வாய் தவறிச் சொல்லிப்போட்டேன் சாமி. அதையே மனசுல வெச்சுக்காத. உனக்கு எந்த வேலை புடிக்குதோ அதையே செய்யி, மெஷினை நான் பாத்துக்கறேன். நீ இல்லாம ஊடு ஊடாவே இல்ல. ஒருக்கா வந்துட்டுப் போ கண்ணு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டுச்சா?" என்றார் அப்பா. பிறகு கருவியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "ம்ங்கறான்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

நான் அதை அவசரமாகக் காதில் மாட்டிக்கொண்டு, "டேய், கேட்டியாடா?" என்றேன்.

ஒரு கனத்த ஆண்குரல் இங்கிலீஷில் ரொம்ப மரியாதையாகக் கேட்டது: "மன்னிக்கணும், ரேஸை எப்போது ஆரம்பிக்கலாம்?"

 யார் நீங்கள் என்று கேட்டேன். நியூசிலாந்து, பால் லாரி டிரைவர் என்றார். நட்பு கேட்டு வந்ததால் சேர்த்துக்கொண்டாராம். குடும்பமே வரிசையாகப் பேசுவதைக் கேட்டு, எங்கள் நாட்டில் ரேஸுக்கு முன்னால் இப்படி ஒரு சடங்கு போல என்று மரியாதைக்குக் காத்திருந்தாராம். கடைசியில் தயங்கித் தயங்கி, "அந்தப் பெரியவர் நன்றாக இருக்கிறாரா?" என்றும் கேட்டார். நன்றாக இருக்கிறார் என்று சொல்லி, தோற்றாலும் பரவாயில்லை என்று அவரோடு ஒரு ரேஸ் ஓட்டினேன். அரை மணி நேரம் காத்திருந்த மனுஷனுக்கு வேறென்ன செய்ய?

பிரபுவுக்கு உடனே போன் போட்டேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, என்னுது வெள்ளைப் பெட்டி. அதுல டைகர்84 நான். கறுப்புல எவன் வேணா இருப்பான். ரெண்டு கம்பெனிக்கும் ஆகாது. இதுல இருக்கறவன் அதுல இருக்கறவனோட பேசவே முடியாது. சேக்காளிக எந்தப் பெட்டி வெச்சிருக்காங்களோ, நாமளும் அதைத்தான் வாங்கோணும். அப்படி இழுக்கறதுதான் அவனுக யாவாரமே. இலவசம்னு பாத்தா வாங்குவ?"

"அப்பா பேசினார்டா."

சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன சொன்னாரு?"

ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான், சொன்னேன். பிறகு, "நீ சொன்னா அது நீ சொன்னதுதானே அக்கா. அவரே சொல்லட்டும்" என்றான். குரல் உடைந்திருந்தது.

அப்பாவிடம் போய் நின்றேன். கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்வது இதைவிடச் சுலபம்.

"அப்பா, அது பிரபு இல்லீங்க. நியூசிலாந்துக்காரர் ஒருத்தருங்க."

அப்பா துண்டால் துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார். "அவருக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பச் செரி" என்று கீழே இறங்கிப் போய், ஓடாத மெஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். இன்னொருக்கா பிரபுகிட்டச் சொல்லுங்க என்று நானும் அம்மாவும் எவ்வளவோ கெஞ்சினோம். "சொன்னதையேவா சொல்லீட்டிருப்பாங்க?" என்று எரிந்து விழுந்தார்.

பிரபு அடுத்த வருஷம் வந்தான். அப்பா படியிலேயே நின்றிருந்தார். "வண்டில கூட்டமா?" என்றார். அவ்வளவுதான். சாப்பிடும்போது பிரபு, "அந்த நியூசிலாந்துக்காரருகிட்ட என்னமோ சொன்னீங்களாமா?" என்று மெல்லக் கேட்டான். "அவரையே கேட்டுக்க" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். பிரபுவும் சிரித்தான், ஆனால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சுதான். புருஷன் பெண்டாட்டியிடமோ, மாமியார் மருமகளிடமோ அன்பாக ஒன்று சொல்ல வந்து மென்று முழுங்கினால், "போய் நியூசிலாந்துக்காரர்கிட்டச் சொல்லு" என்போம்.

இப்போது செல்போனிலேயே முகம் பார்த்துப் பேசுகிறோம். பெட்டிகளும் சண்டையை விட்டு, சில விளையாட்டுகளில் வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து விளையாடுகின்றனவாம். அப்பாவுக்கு எழுபத்தெட்டு. பிரபு கூப்பிட்டால் போனைக் கையில் வாங்கி, அவன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "அங்க மழையா?" என்று கேட்டு என்னிடம் கொடுத்துவிடுவார்.

போன வாரம் அம்மா கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, அந்த நியூசிலாந்துக்காரரு இன்னும் அந்தப் பெட்டில இருக்கறாரா?"

"எதுக்குங்கப்பா?"

"பிரபுகிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"இதோ, அவனுக்கே போன் போடறனுங்க."

"அட, அவங்கிட்ட நேரா எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா.