எதிரொலி ஓட்டிய செம்புத் தகடு

சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ரேணிகுண்டாவில் சம்பத் கட்டிய ரெகார்டிங் ஸ்டுடியோவில் நாலு பக்கமும் மொட்டைச் சுவர், தரையில் டைல்ஸ். உள்ளே பாடினால் எதிரொலிக்கும். சாதாரண எதிரொலி இல்லை. அங்கே பாட வந்த கன்னிகா பல்லவியைப் பாடிவிட்டுப் போய் டீ குடித்து வந்தாள். அறை அப்போதும் பாடிக்கொண்டிருந்தது. சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அது அவளுடைய முதல் பாட்டு. சனிக்கிழமைக்குள் கொடுத்தால் நாகலாபுரம் திருவிழாவில் போடுவார்கள்.

"செத்துப்போன பாகவதர் ஆவி," என்றார் திருப்பதியிலிருந்து வந்த நாகபூஷண சுவாமிகள். "நீங்க பாடறத பின்னாடியே கத்துக்கினு கீது."

செம்புத் தகடு ஒன்றை மாட்டினால் ஓடிவிடுமாம். தட்சணை, சம்பத்திடம் இருந்த ஒரே நல்ல மைக். ஆவி ஓட்டுகிறவருக்கு மைக் எதற்கு என்று கேட்க ஊரில் ஆள் இல்லை.

வேடிக்கை பார்க்கச் சூளூர்பேட்டையிலிருந்துகூட ரயிலேறி வந்தார்கள். ஆளுக்கொரு கம்பளி போர்த்தி வரவேண்டும் என்பது சுவாமிகள் போட்ட விதி. மே மாதம். பக்தி வியர்வையாக ஓடியது.

காலி அறையில் சுவாமிகள் கை தட்டினார். அறை படபடவென்று பதில் தட்டியது. தகட்டை மாட்டினார். கம்பளிக் கூட்டத்தை உள்ளே அடைத்தார். மறுபடி தட்டினார். சத்தம் பொத்தென்று செத்தது.

"போயிந்தி, ஆவி பூட்ச்சு," என்றார். கூட்டம் விழுந்து கும்பிட்டது. இடமில்லாததால் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தது. சம்பத் மைக்கைக் கழற்றினான்.

"இருண்ணா," என்றாள் கன்னிகா. "மைக்கு போச்சுன்னா நான் இன்னா சோடா பாட்டில்லயா பாடறது? சாமி, தகடு உள்ளயே கெடக்கட்டும். நாங்க அல்லாரும் வெளிய போறோம். இப்ப தட்டுங்க."

தட்டினார். பாகவதர் அமோகமாகத் தட்டினார்.

தகட்டைக் கழற்றி வெளியே நின்ற ஆட்டோவில் மாட்டினாள். கூட்டத்தை உள்ளே விட்டுத் தானே தட்டினாள். பதில் இல்லை.

"தகடு ஆட்டோல கீது. ஆவி எங்க சாமி, சவாரி போயிருக்குதா? சத்தத்த துன்றது கம்பளி."

"தகட்டு சக்தி செவுத்தத் தாண்டியும் வரும்மா."

"அப்ப திருப்பதியிலயே வச்சுக்கினு ஓட்டுங்க."

சுவாமிகள் தகட்டோடு அதே ஆட்டோவில் ஏறினார். மைக் தங்கியது. சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டுப் பாடினாள். நாகலாபுரத்தில் பாட்டு ஒலித்தது. ஜனங்கள் திருந்திவிட்டார்கள். இப்போது கம்பளிக்குக் குங்குமம் வைத்துச் சுற்றி வருகிறார்கள்.

யார் சொன்னாலும் சோதித்துப் பார்த்து நம்புங்கள். நான் சொன்னாலும்தான்: எனக்குப் பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது.